சிவன்மலைப் பெட்டியும் பூமியின் வயதும்: பிள்ளைக்கு என்ன சொல்வது?

முத்தூர்க்காரி எழுதியது:

வணக்கம்ங்க. கிருத்திகைக்குச் சிவன்மலை போயிருந்தோம். நான், என் மகள், என் அப்பா. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மேலே ஏறியதும் வழக்கம்போல உத்தரவுப் பெட்டியைச் சுற்றித்தான் கூட்டம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலுக்கு வந்து சொன்னதும் சாமி முன்னால் பூக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை செய்வார்கள். அடுத்த கனவு வரும்வரை அதுதான் பெட்டியில் இருக்கும். வைத்த பொருளை ஒட்டி நாட்டில் ஏதாவது நடக்கும் என்பது நம்பிக்கை. தண்ணீரை வைத்தார்கள், சுனாமி வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

இறங்கும்போது அப்பா தலபுராணத்தை எடுத்தார். திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் மேருவை வில்லாக வளைத்தார், அப்போது தெறித்து விழுந்த துண்டுதான் இந்த மலை என்றார். இவள் படியிலேயே நின்றுவிட்டாள். "அப்பிச்சி, அது விழறப்போ பூமிக்கு எத்தனை வயசு? எங்க மிஸ் 454 கோடி வருஷம்னாங்களே?" அப்பா சிரித்துவிட்டு, "சாமிக்கு ஏது கண்ணு வயசுக் கணக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதோடு விட்டிருந்தால் சரி. பஸ்ஸில் பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். ஜெபவீட்டுக்குப் போகிறவர், நல்ல மனுஷி. "பூமிக்கு ஆறாயிரம் வருஷம்தான் பாப்பா" என்றார். வீட்டுக்கு வந்தால் என் கொழுந்தனார், "நம்ம பஞ்சாங்கம் 432 கோடி என்கிறது, விஞ்ஞானம் இப்போதுதான் பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது" என்கிறார். ஒரே நாளில் மூன்று கணக்கு. ராத்திரி படுக்கும்போது, "அம்மா, பரீட்சைக்கு எதை எழுதறதுன்னு கேக்கல. எது நெசம்?" என்றாள். நான் பி.காம். படித்துவிட்டுத் தறிக்குடோனில் கணக்கு எழுதுகிறவள். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கைத்தடி எழுதியது:

இதில் சொல்ல என்ன இருக்கிறது? மலை பறந்து வராது. பெட்டிக்கு எதிர்காலம் தெரியாது. 454 கோடிதான் விடை. ஈரோட்டில் பெரியார் பிறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது, பக்கத்துத் தாலுகாவில் இன்னும் கனவைக் கேட்டுப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குருக்கள் கூட்டத்தை

[மீதிப் பகுதி நீக்கப்பட்டது. மட்டுறுத்துநர்: கருத்தைச் சொல்லுங்கள், ஆட்களைத் திட்ட வேண்டாம். இது இரண்டாவது முறை.]

சங்கல்பம் எழுதியது:

அம்மணி, உங்கள் கொழுந்தனார் சொன்னதில் தப்பில்லை. எந்தக் கோயிலிலும் அர்ச்சனைக்கு முன் சங்கல்பம் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது சதுர்யுகத்துக் கலியுகம் என்று ஆரம்பித்து, ஊர், ஆற்றங்கரை, கிழமை, நட்சத்திரம் வரைக்கும் வந்து, கடைசியில்தான் உங்கள் பெயர் வரும். முகவரி எழுதுவது போலத்தான், காலத்தில் எழுதுகிற முகவரி. ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டு. அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு கல்பம், அதாவது பிரம்மாவின் ஒரு பகல், 432 கோடி. விஞ்ஞானம் சொல்லும் 454 கோடிக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்? ஐரோப்பாவில் உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் நம் ஆட்கள் கோடிகளில் எண்ணினார்கள். இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், பெருமையாக இருக்கும்.

மலை பறப்பது பற்றி: எல்லாவற்றையும் கல்லுடைக்கிற கண்ணோடு பார்க்கக் கூடாது.

கரட்டுமேடு எழுதியது:

நான் கல்லுடைக்கிற கண்ணோடு பார்ப்பவன்தான், அதுதான் படிப்பு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்தூர்க்காரி அக்கா, மூன்று கணக்கையும் ஒரே தராசில் போடும் முன் ஒவ்வொன்றும் எப்படி எண்ணப்பட்டது என்று பார்க்க வேண்டும். தறிக்குடோனில் யாராவது வந்து "மூன்று லட்சம் பாக்கி" என்றால் நீங்கள் தொகையை வைத்துச் சண்டை போடுவீர்களா, பில்லைக் கேட்பீர்களா? 454 கோடிக்குப் பில் இருக்கிறது.

சிர்கான் என்று ஒரு படிகம். மணலைவிடச் சின்னது. உருகிக் கிடந்த பாறை ஆறும்போது உருவாவது. உருவாகிற நேரத்தில் யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை வெளியே தள்ளிவிடும். காலியான உண்டியலைப் பூட்டி முத்திரை வைத்தது போல என்று வையுங்கள். அன்றிலிருந்து உள்ளே யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். வெயில், மழை, சூடு, அழுத்தம் எதற்கும் அது வேகத்தை மாற்றாது. யுரேனியம் 238இல் பாதி ஈயமாக 447 கோடி ஆண்டு ஆகும். இன்றைக்கு உண்டியலைத் திறந்து, எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்தது என்று எண்ணினால் பூட்டிய நாள் தெரிந்துவிடும்.

"நடுவில் யாராவது உண்டியலைத் திறந்திருந்தால்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். அதே படிகத்துக்குள் யுரேனியம் 235 என்று இன்னொன்று இருக்கிறது. அது 70 கோடி ஆண்டில் பாதியாகும், வேறு வகை ஈயமாக மாறும். ஒரே உண்டியலுக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள், ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தேதியைச் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் நடுவில் கசிந்திருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படி எண்ணித்தான் ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் 440 கோடி ஆண்டுப் படிகம் கிடைத்தது. பூமி தன் முதல் தோலை உருக்கி உருக்கித் திரும்பச் செய்துகொண்டே இருப்பதால் அதற்கு முந்தைய பாறை இங்கே மிச்சமில்லை. அதனால் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கர், பூமியோடு சேர்ந்து உருவாகி உருகாமல் கிடந்த விண்கற்களின் ஈயத்தை அளந்தார். 1956இல் அவர் சொன்ன வயது 455 கோடி, கூடக்குறைய 7 கோடி. எழுபது ஆண்டாக உலகம் முழுக்க எத்தனையோ கூடங்களில் அளந்தும் அது நகர்ந்தது மிகக் கொஞ்சம். (ஒரு கிளைக்கதை: அவர் எதை அளந்தாலும் வெளியிலிருந்து ஈயம் வந்து ஒட்டிக்கொண்டே இருந்ததாம். எங்கிருந்து என்று தேடிப் போனால் பெட்ரோலில் கலந்த ஈயம். அதை எதிர்த்து அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் 2000இல்தான் நின்றது. பூமியின் வயதைத் தேடிய ஆள் நம் பிள்ளைகளின் ரத்தத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்.)

முத்தூர்க்காரி எழுதியது:

உண்டியல் கணக்கு புரிந்தது தம்பி. மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் படிக்கிறேன். "ரெண்டு கணக்குப்பிள்ளையும் பேசி வச்சுக்கிட்டா?" என்று கேட்கிறாள்.

கரட்டுமேடு எழுதியது:

ஹா ஹா. அவளை என்னிடம் அனுப்புங்கள். அதற்குத்தான் பொட்டாசியம், ருபீடியம் என்று யுரேனியத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறு கடிகாரங்களிலும் பார்ப்பது. அத்தனை பேரும் பேசி வைத்துக்கொள்ள முடியாது.

ஒலிவ இலை எழுதியது:

அந்தப் பக்கத்து வீட்டு அக்காவின் நம்பிக்கைதான் எனக்கும். சண்டைக்கு வரவில்லை. இரண்டு கேள்வி மட்டும். ஒன்று, அந்த வேகம் ஆதியிலிருந்து மாறவே இல்லை என்று யார் பார்த்தார்கள்? இரண்டு, ஆதாமைக் கர்த்தர் குழந்தையாகப் படைக்கவில்லை, வளர்ந்த மனிதனாகவே படைத்தார். படைத்த அன்றே ஒரு டாக்டர் பார்த்திருந்தால் முப்பது வயது என்றுதான் எழுதியிருப்பார். அதுபோலப் பூமியையும் முதிர்ந்ததாகவே படைத்திருக்கலாமே? கார்பன் முறையில் வயது பார்ப்பதே தப்புத் தப்பாக வருகிறது என்றும் படித்திருக்கிறேன்.

நைட் டூட்டி எழுதியது:

பிரதர், நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான், கோவையில் நர்ஸ். ஆறாயிரம் என்ற எண் வேதாகமத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அயர்லாந்தில் அஷர் என்ற பேராயர், வம்ச வரலாறுகளில் வரும் வயதுகளைக் கூட்டி, ராஜாக்களின் காலத்தோடு ஒப்பிட்டு, கி.மு. 4004 அக்டோபர் 23க்கு முந்தைய மாலை என்று 1650இல் கணக்கிட்டுச் சொன்னது. அந்தக் காலத்துக்கு அது பெரிய உழைப்பு, நான் கேலி செய்யவில்லை. ஆனால் அது அவருடைய கணக்கு. பிரபஞ்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முதலில் எழுதியவர்களில் ஒருவரான லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். பூசையும் வைத்தார், சமன்பாடும் போட்டார்.

கார்பனைப் பூமியின் வயதுக்கு யாரும் பயன்படுத்துவதில்லை. அது 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் எண்ணுவதற்கு மிச்சமே இருக்காது. அதுவும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டும்தான். நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த கரித்துண்டுக்கு அது சரி. தராசில் லாரியை நிறுத்திவிட்டுத் தராசு தப்பு என்றால் எப்படி?

கரட்டுமேடு எழுதியது:

வேகம் மாறியதா என்ற கேள்வி நியாயமானது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் ஒக்லோ என்ற இடத்து யுரேனியச் சுரங்கத்தில், சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் இயற்கையாகவே ஓர் அணு உலை எரிந்து அணைந்திருப்பதை 1972இல் கண்டுபிடித்தார்கள். அது விட்டுச்சென்ற சாம்பல் இன்றைய அணு உலைச் சாம்பலின் கணக்கோடு பொருந்துகிறது. அன்றைக்கு அணுவின் விதி வேறாக இருந்திருந்தால் பொருந்தியிருக்காது.

ரிக்வண்டி எழுதியது:

திருச்செங்கோட்டிலிருந்து எழுதுகிறேன். பேரைப் பார்த்தாலே தொழில் தெரியும். இருபது வருடமாகப் போர்வெல்லுக்காகப் பாறையை ஓட்டை போடுவதுதான் பிழைப்பு.

முதலில் ஒலிவ இலை ஐயாவுக்கு. கோவித்துக்கொள்ளக் கூடாது. ஆண்டவர் எல்லாவற்றையும் பழசு மாதிரியே படைத்தார் என்றால், நேற்று ராத்திரிதான் படைத்தார், நம் ஞாபகத்தையும் சேர்த்தே வைத்துவிட்டார் என்றும் சொல்லலாம். அப்புறம் எனக்கு வர வேண்டிய போர் பாக்கியையெல்லாம் "அது ஆண்டவன் வைத்த ஞாபகம்" என்று தோட்டக்காரர்கள் சொல்லிவிட்டால் நான் டீசலுக்கு எங்கே போவது?

அப்புறம் பாப்பாவுக்கு. கோடி என்றால் எனக்கும் தலை சுற்றும். அதனால் நான் போர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் அடி போர் ஒன்று. அடியில் பூமி பிறந்த நாள், மேலே கேசிங் வாயில் இன்றைக்கு. அப்படியானால் ஓர் அடி 45 லட்சம் வருடம். டைனோசர் அழிந்தது மேலிருந்து பதினாலரை அடியில், கேசிங் பைப்பே இன்னும் முடிந்திருக்காது. மனுஷன் வந்தது கடைசி முக்கால் இஞ்சில். ஆறாயிரம் வருடம் என்பது நகத்தின் கனம். இத்தனைக்கும் ராமாயணம், கொடுமணல், எங்கள் அர்த்தநாரீசுவரர் கோயில், உங்கள் தறி எல்லாம் அந்த நகத்துக்குள்தான்.

இனி அற்புதம் பற்றி. தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பார்கள், நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். நிற்கிறது, பொய் சொல்லவில்லை. எங்கள் சொந்தத் தோட்டத்திலேயே ஒருத்தர் வந்தார். தென்மேற்கு மூலையில் தேங்காய் விறைப்பாக நின்றது. ஆறரை இஞ்ச் போர், 940 அடி. கடைசிவரைக்கும் புகைதான், தண்ணீரே இல்லாமல் வெறும் கல் தூள். எங்கள் ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வெள்ளைப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மிஷின் வைத்துப் பார்க்கிறவரைக் கூட்டி வந்தோம். அவர் காட்டிய இடத்திலும் 700 அடிவரை புகை, பிறகு ஒரு இஞ்ச் தண்ணீர்.

இதில் நான் கண்டது ஒன்றுதான். தண்ணீர் வந்த போரை ஊரே பேசும். தேங்காய்க்காரருக்கு மாலை போடுவார்கள். புகை வந்த போருக்கு மூடி போட்டு மண்ணைத் தள்ளிவிடுவோம், வாயே திறக்க மாட்டோம். என் வண்டி டைரியில் இரண்டும் இருக்கிறது. டைரியைப் பார்த்தால் தேங்காய் பெரிதாக ஜெயிக்கவில்லை. மிஷின் கொஞ்சம் தேவலை. அப்படியும் பூசை போடாமல் நான் வண்டியை ஸ்டார்ட் செய்ததில்லை, அது வேறு.

கைத்தடி எழுதியது:

ரிக்வண்டி அண்ணன் டைரி வைத்திருக்கிறார். சிவன்மலைப் பெட்டிக்கு யார் டைரி வைத்திருக்கிறார்கள்? இதுதான் என் கேள்வி, இதில் திட்டு எதுவும் இல்லை.

சங்கல்பம் எழுதியது:

எல்லோரும் விஞ்ஞானத்தின் பில்லைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தப் பில்லே எத்தனை தடவை திருத்தப்பட்டது? கெல்வின் பிரபு பூமிக்கு 2 கோடி முதல் 40 கோடிக்குள்தான் என்று அடித்துச் சொன்னாரே? அன்றைய பெரிய விஞ்ஞானி அவர். இன்றைக்கு 454. நாளைக்கு? எங்கள் 432 கோடி அன்றும் இன்றும் ஒன்றே.

கரட்டுமேடு எழுதியது:

ஐயா, உங்கள் வயசுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். கெல்வின் 1862இல் சொன்னது, உருகிய உருண்டை ஆற எவ்வளவு காலம் என்ற கணக்கு. கணக்கில் தப்பில்லை, எடுத்துக்கொண்டதில் தப்பு. பூமிக்குள் பாறையே மெல்ல மெல்லப் புரண்டு சூட்டை மேலே கொண்டுவரும் என்பதை அவர் சேர்க்கவில்லை. அதை 1895இல் எடுத்துச் சொன்னவர் ஜான் பெர்ரி, கெல்வினிடமே உதவியாளராக இருந்தவர். அடுத்த ஆண்டு கதிரியக்கம் தெரியவந்தது. அதிலிருந்துதான் இன்றைய கடிகாரங்களே பிறந்தன. குருவின் கணக்கைச் சீடன் திருத்தினான், ஊர் ஒப்புக்கொண்டது. இதைக் குறையாக எப்படி நினைப்பது?

இனி 432 கோடி. நீங்கள் சொன்ன சங்கல்பத்தையே எடுத்துக்கொள்வோம். 432 கோடி என்பது பிரம்மாவின் பகலின் நீளம். அதில் எவ்வளவு ஆகிவிட்டது என்பதையும் சங்கல்பமே சொல்கிறது. கல்பத்தின் உட்பிரிவான மன்வந்தரத்தில் ஆறு முடிந்து ஏழாவது நடக்கிறது, அதில் 27 சதுர்யுகம் முடிந்து இருபத்தெட்டாவதில் கலியுகம். சந்திகளையும் (மன்வந்தரங்களுக்கு நடுவே வரும் இடைக்காலம்) சேர்த்துக் கூட்டினால் கிட்டத்தட்ட 197 கோடி 29 லட்சம் ஆண்டு. நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கடிகாரத்தில் பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பதும், இப்போது மணி ஐந்தரை என்பதும் வேறு வேறு இல்லையா? 454ஓடு ஒப்பிட வேண்டியது 197ஐ.

பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டி தெரியும்தானே? அங்கே இருக்கும் அனார்த்தோசைட் பாறைக்குச் சுமார் 250 கோடி வயது. நிலவின் மேட்டுநிலத்துப் பாறையும் அந்த வகைதான் என்பதால், சந்திரயான் 2க்காக நிலா மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ அங்கிருந்துதான் கல் எடுத்துப் போனது. நாமக்கல் மாவட்டத்துக் காட்டில் ஆடு மேய்கிற கல் இந்தக் கல்பத்தைவிட 50 கோடி ஆண்டு மூத்தது.

"கல்பத்துக்கு முன்னாலும் கல்பங்கள் உண்டு" என்று நீங்கள் சொல்லலாம், அது உங்கள் மரபுக்குள் சரியான பதில். ஆனால் அப்புறம் விஞ்ஞானம் எங்களை மெய்ப்பித்துவிட்டது என்று சொல்லக் கூடாது. ஒத்துவந்தால் ஆதாரம், ஒத்துவராவிட்டால் தத்துவம் என்று இரண்டு பக்கமும் லாபம் பார்ப்பது கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கிற பேரம் மாதிரி. துண்டை எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ரிக்வண்டி எழுதியது:

போர்க் கணக்கில் 197 கோடி 434 அடி, சித்தம்பூண்டி 550 அடி. சும்மா சொன்னேன்.

சங்கல்பம் எழுதியது:

நேற்று ராத்திரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 197 கோடிதான் வருகிறது. நாற்பது வருடமாகச் சங்கல்பம் சொல்கிறேன், கூட்டிப் பார்த்ததில்லை. 454ஓடு பொருத்திப் பேசியதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பி. நாமக்கல் மலைக்குக் கதை தெரியுமா? ஆஞ்சநேயர் கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கமலாலயக் குளத்தில் இறங்கும்போது கீழே வைத்துவிட்டார், அது மலையாக வளர்ந்து நின்றுவிட்டது. அந்தக் கதையை எனக்குச் சொன்னது என் அம்மாயி. வயது சொல்வதற்காகச் சொல்லவில்லை. கீழே வைத்தால் சிலது பிறகு தூக்க முடியாததாகிவிடும் என்று அப்போதைக்கு எனக்குப் புரிந்தது. இதை எந்தக் கூடத்தில் அளப்பீர்கள்?

கரட்டுமேடு எழுதியது:

அளக்க மாட்டேன் ஐயா. ஆனால் நீங்கள் சாளக்கிராமம் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. அதற்குள் இருக்கும் சுருள், அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓட்டுத் தடம். பல கோடி ஆண்டுக்கு முன் இமயமலை இருக்கும் இடத்தில் கடல் இருந்தபோது அதில் வாழ்ந்தது. கடலடிச் சேறு பாறையாகி, பாறை மலையாக உயர்ந்து, கண்டகி அதை அறுத்து உருட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் வீட்டுப் பூசையறையில் சாளக்கிராமம் இருந்தால், தினமும் நீங்கள் அபிஷேகம் செய்வது நாமக்கல் மலைக்கதையைவிட விசித்திரமான ஒன்றுக்கு.

சங்கல்பம் எழுதியது:

இருக்கிறது. இன்று காலை பால் ஊற்றும்போது சுருளைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். கடலிலிருந்து வந்தவருக்குப் பாற்கடல்காரர் பெயர் வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. (நிரூபணம் என்று சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள்.)

முத்தூர்க்காரி எழுதியது:

நான் தொடங்கிய இழை எங்கெங்கோ போய்விட்டது, நல்லதுதான். கைத்தடி அண்ணன் கேட்ட டைரி பற்றி. மகளுக்கு உத்தரவுப் பெட்டிதான் இன்னும் உறுத்துகிறது. "வைக்கும்போதே என்ன நடக்கும்னு சொன்னா சரி. நடந்ததுக்கப்புறம் இதுக்குத்தான் வச்சாங்கன்னா, எதை வச்சாலும் பொருந்துமே அம்மா" என்கிறாள். மண்ணை வைத்தால் நிலம் விலை ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, புயல் வந்தாலும் சரி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் சொல்வது சரி என்றுதான் தோன்றுகிறது.

இதைப் படித்ததும் பழைய ஞாபகம் ஒன்று. 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த நாள். நான் ஐந்தாம் வகுப்பு. வரிசையில் நின்று நானும் கொடுத்தேன். ஸ்பூனைத் தும்பிக்கையில் வைத்துச் சாய்த்ததும் பால் மெல்லக் குறைந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது, அழுதேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் எட்டிப் பார்த்தால், பீடத்தைச் சுற்றிக் கரேலென்று எறும்பு. பால் அத்தனையும் கல்லை ஒட்டி ஒரு படலமாக வழிந்து கீழே இறங்கியிருக்கிறது. வண்ணப்பொடி கலந்து ஊற்றிப் பார்த்து விஞ்ஞானிகள் சொன்னதைப் பிறகு படித்தேன். எறும்பைப் பார்த்ததை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவின் முகம் வாடிவிடும் என்று நினைத்தேன். இப்போது என் மகள் எறும்பைக் காட்டுகிறாள், நான் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் முடிவு செய்திருக்கிறேன்.

சங்கல்பம் எழுதியது:

பெட்டி ஜோசியம் சொல்வதற்கு என்று நினைத்துப் பார்த்தால் உங்கள் மகள் ஜெயித்துவிடுவாள் அம்மணி. நான் அப்படி நினைப்பதில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் கனவை ஒரு கோயில் காது கொடுத்துக் கேட்டு, பூக் கேட்டு, சாமிக்குப் பக்கத்தில் வைக்கிறது. ஒரு படி நெல்லை வைத்தால் அத்தனை பேரும் நெல்லை ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது போதும்.

கைத்தடி எழுதியது:

இப்படிச் சொன்னால் எனக்குச் சண்டைக்கு இடமில்லை. ஆனால் டிவிக்காரர்கள் "அடுத்து என்ன ஆபத்து" என்று போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒலிவ இலை எழுதியது:

என் நம்பிக்கையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆறாயிரம் அஷரின் கணக்கு என்பது தெரியாது, அதைப் படிக்க வேண்டும். அந்தப் பாப்பாவுக்காக ஜெபிக்கிறேன்.

கரட்டுமேடு எழுதியது:

அக்கா, இத்தனையும் பேசிவிட்டுச் சிவன்மலையையே மறந்துவிட்டோம். அந்த மலையின் பாறை உலகத்தில் எல்லா இடத்திலும் கிடைக்காத நெப்பிலின் சயனைட். (சயனைடு இல்லை, பயப்படாதீர்கள்.) 1901இல் ஹாலண்டு என்ற புவியியலாளர் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் குருந்தக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குக் கொரண்டம் என்று பெயர், நம் குருந்தத்திலிருந்து போன சொல். அதிலேயே துளி குரோமியம் சேர்ந்து சிவந்தால் மாணிக்கம். மேருவின் துண்டு என்று சொன்னவர்கள் இது மற்ற கரடு மாதிரி இல்லை என்பதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். என் எண்ணம்தான், பில் இல்லை. மகளை அடிவாரத்துப் பக்கம் கூட்டிப்போய்க் கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். கோயில் மலையில் எதையும் பெயர்க்க வேண்டாம்.

முத்தூர்க்காரி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். அப்பாவும் வந்தார். மலையில் கை வைக்கவில்லை. அடிவாரத்தில் எங்கள் சித்தப்பா தோட்டம் இருக்கிறது, வரப்பில் பொறுக்கினாள். பழுப்பு நிறத்தில், பீப்பாய் மாதிரி வயிறு பெருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கிய ஒரு துண்டு, கட்டைவிரல் அளவு. "குருந்தம் கண்ணாடியைக் கீறும்னு அந்த மாமா குரூப்ல யாரோ போட்டிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே பீரோ கண்ணாடியில் ஓர் இழு இழுத்துவிட்டாள். விரற்கடை நீளத்துக்குக் கோடு. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் கொடுத்த பீரோ. திட்ட வாயெடுத்தேன், அதற்குள் அப்பா, "வுடு, சாமி கல்லு, கீறத்தான் கீறும்" என்கிறார். அப்படியானால் இது குருந்தம்தானே தம்பி?

கரட்டுமேடு எழுதியது:

வடிவம் நம்பிக்கையாக இருக்கிறது, ஆனால் கண்ணாடி சாட்சி செல்லாது அக்கா. கண்ணாடியைச் சாதாரணப் பாறைத் துண்டும் கீறும். வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) இருக்கிறதல்லவா, வெள்ளையாக, அதைக் கீறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீறினால் குருந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். சிவன்மலைப் பாறைக்குள் வெங்கச்சாங்கல் இருக்காது, வேறு காட்டில்தான் தேட வேண்டும்.

முத்தூர்க்காரி எழுதியது:

அப்பா இப்போதே டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மேக்காலத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நிறையக் கிடக்கிறதாம். இவளும் பின்னாலேயே ஓடுகிறாள்.